பந்தல் மொச்சையும் மகளின் சூயிங்கமும்

திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரே ஒரு பழைய போர்வெல் லாரியில் தொடங்கி, ஐந்து லாரி ஆக்கினேன். தண்ணீரே வராது என்று எல்லோரும் கைவிட்ட பாறைக்காட்டில் துளை போட்டுத் தண்ணீர் காட்டினேன். கூட்டாளி ஓடிப்போன பிறகு தனியாளாகக் கல்யாண மண்டபம் எழுப்பினேன். மகளை டாக்டர் பட்டம் வரை படிக்க வைத்தேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. இந்த வரிசையில் கடைசியாகச் சேர்ந்தது, அமெரிக்காவில், பிரிட்ஜ்வாட்டர் ஊரில், மகள் வீட்டு கராஜுக்குப் பின்னால் நான் போட்ட மொச்சைப் பந்தல்.

மகள் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் ஒரு சூயிங்கம் செய்து பார்க்கிறார்கள். மொச்சையில் இருக்கும் ஒரு புரதம் காய்ச்சல் கிருமியைப் பிடித்து ஒட்டிக்கொள்ளுமாம். அதை மென்றால் எச்சிலில் கிருமி குறையும். பேசும்போதும் இருமும்போதும் பக்கத்து ஆளுக்குத் தாவுவதும் குறையும் என்பது அவர்கள் நினைப்பு. ஆனால் கடைப் பாக்கெட் மொச்சை எப்போது விளைந்தது என்றே தெரியாமல், ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி வந்தது. குளிர்காலத்துக்குள் சரிவராவிட்டால் மொச்சையை விட்டுவிடலாம் என்று மேலதிகாரி அம்மாள் சொல்லிவிட்டார். மகளுக்கு அது இரண்டு வருட உழைப்பு. நான் விளைவித்துத் தருகிறேன் என்றேன்.

கோயிலில் பழக்கமான ஒரு பெண்மணி விதை கொடுத்தார். மார்ச்சிலேயே பால் கேன்களை வெட்டி, சமையலறை ஜன்னலோரம் முளைக்க வைத்தேன். அக்டோபரில் பனி இறங்கியதும் சாயங்காலமானால் பழைய வேட்டிகளைக் கொடிமேல் போர்த்தினேன். ஹாலோவீன் பண்டிகைக்கு வைக்கும் பேய் அலங்காரம் என்று நினைத்துப் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் பாராட்டிவிட்டுப் போனார்.

இரண்டு படி மொச்சை கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து மகள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாள்.

"ஒரு கிருமியக்கூடப் பிடிக்கலப்பா. பவுடர் வெறும் மாவு மாதிரி கிடக்குது. மொச்சைய என்ன பண்ணுனீங்க?"

"என்ன பண்ணுவாங்க? வண்டு விழுகாம இருக்க ஓவன் அடுப்புல வெச்சு நல்லா சூடு காட்டித்தான் குடுத்தேன்."

"அய்யோ அப்பா! சூடு பட்டா புரோட்டீன் போச்சு. ரா பீன்ஸ் வேணும்னு சொன்னேன்ல?"

"அப்படியே குடுத்தா உன்ற லேபுக்குள்ள வண்டு நடக்கும் சாமி."

சோபாவிலிருந்து மாப்பிள்ளை சொன்னார்: "கொஞ்சம் உப்பும் மொளகாப்பொடியும் போட்டிருந்தா நாமளாவது சாப்பிட்டிருக்கலாங்க மாமா."

எங்கள் வீட்டில் எந்தப் பயறையும் ஒரு சுற்று வறுக்காமல் டின்னில் அடைத்ததில்லை. கை தானாகச் செய்துவிட்டது.

அன்றே கொடியில் மிச்சமிருந்த நெற்றுகளைப் பறித்தேன். ஓவன் பக்கமே போகவில்லை. வீட்டு முன்னால் கார் நிற்கும் டிரைவ்வேயில் படுதா விரித்துக் காயப் போட்டு, அணில்களை விரட்டிக்கொண்டு நான்கு நாள் நாற்காலியில் காவல் இருந்தேன். அந்தப் பொடி கிருமியைப் பிடித்தது. மேலதிகாரி அம்மாள் மொச்சையிலேயே தொடரச் சொல்லிவிட்டார். ஜனங்கள் வாங்கி மெல்லும் நாள் இன்னும் தூரமாம், இருக்கட்டும்.

இப்போது மகள் கட்டுரை எழுதுகிறாள். சூடு பட்ட பொடியையும் வெயிலில் காய்ந்த பொடியையும் அடுத்தடுத்து வைத்து ஒரு படம் போட்டிருக்கிறாள். ஒரே கொடியில் காய்த்தது, ஒன்று வேலை செய்கிறது, ஒன்று செய்யவில்லை. கிருமியைப் பிடிப்பது அந்தப் புரதம்தான் என்று சொல்ல இது நல்ல ஆதாரமாம்.

"கடைசில தேங்க்ஸ் சொல்ற இடத்துல உங்களப் போடறேன்ப்பா" என்கிறாள்.

கடைசி வரி நன்றி எனக்கு வேண்டாம். அந்தப் படத்தில் இருக்கும் இரண்டு பொடியுமே என்னுடையவை. விளைவித்ததும் நான், சுட்டுக் கெடுத்ததும் நான். படத்துக்கு நேர் கீழே, என் அப்பாவின் முதலெழுத்தோடு, என் பெயரை முழுசாகப் போட வேண்டும்.