டம்ளர் கழுவிய தண்ணீர்

"நான் நட்ட வேலமரத்துக்கு, முதல் வருஷம் முடிஞ்ச பிறகு ஒரு சொட்டுத் தண்ணி போச்சுன்னு எவனாவது காட்டட்டும். அங்கேயே, அப்பவே, இந்த மீசையை எடுத்துடறேன்!"

சாலையோர மரங்களுக்கான நாற்றங்காலில், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களை உட்கார வைத்து, ஒலிபெருக்கியை அலட்சியமாக ஒதுக்கித் தள்ளிவிட்டு மேற்பார்வையாளர் செய்த பிரகடனம் இது. அந்த மீசைமேல் கூட்டத்தில் யாருக்கும் ஒரு கண்ணும் இருக்கவில்லை. ஆனாலும் அன்று மாலைக்குள் அவருக்கு 'வறட்சி' என்று பெயர் விழுந்தது. வேறொருவராக இருந்தால் சண்டைக்குப் போயிருப்பார். இவரோ பட்டமளிப்பு விழாவிலிருந்து இறங்கி வருகிறவர் மாதிரி நடந்தார்.

வறட்சியின் கொள்கை சுருக்கமானது. வேல விதையைக் கொதிக்க வைத்து இறக்கிய தண்ணீரில் போட வேண்டும். அப்போதுதான் அந்தக் கல்நெஞ்சுத் தோல் இளகும். ஆணிவேர் சுருண்டுகொள்ளாமல் நீளப் பையில் வளர்க்க வேண்டும். நட்ட முதல் வருஷம், எப்போதாவது ஒருமுறை, ஆனால் குழி நிரம்பத் தண்ணீர். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கக் கூடாது. "தாகம் எடுத்தாத்தான் வேர் கீழ இறங்கும். மேலயே கிடைச்சா அது எதுக்குய்யா மெனக்கெடப் போகுது?"

இதை அவர் மரத்தோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதைக்கு வேலை இல்லை. மகள் பரிசுக் கோப்பையோடு வந்து நின்ற அன்று "சரி" என்றார். மனைவி உடம்பு சரியில்லை என்றபோதெல்லாம் "தூங்கி எழுந்தா சரியாயிடும்" என்றார். பல தடவை சரியாகவும் போயிற்று. கடைசித் தடவை தூங்கியவள் எழுந்திருக்கவில்லை.

அவர் வீட்டுப் பின்பக்கம் நின்ற குடைவேலமரம் அவள் கொண்டுவந்தது. நாற்றங்காலில் தண்டு கோணியிருந்த ஒரு கன்றை "இது தேறாது" என்று இவர் தூக்கி எறிய, அந்த நேரம் பார்த்து இவரைத் தேடி வந்திருந்த அவள், அதைக் கைப்பைக்குள் வைத்து, வெள்ளை முள் குத்திய விரலைச் சப்பிக்கொண்டே வீட்டுக்கு எடுத்துப் போனாள். இவர் குழி வெட்டி நட்டுக் கொடுத்தார். ஒரே ஒரு நிபந்தனை. அது என்னவென்று சொல்லத் தேவையில்லை.

முதல் வருஷம் முடிந்தது. மரத்தடியில், வீட்டுப் பக்கமாக, தட்டகலத்துக்கு மண் எப்போதும் ஈரமாகவே இருந்தது.

"தண்ணி ஊத்தினியா?"

"நானா? டம்ளர் கழுவினேன்."

"டம்ளர் கழுவின தண்ணி இவ்வளவா?"

"பெரிய டம்ளர்."

அவர்களுடைய இல்லற வாழ்க்கையின் பெரும்பகுதி இந்த நான்கு வரிகளிலேயே நடந்தது என்றால் மிகையில்லை. ஒரு பக்கம் நசுங்கிய எவர்சில்வர் டம்ளர் ஒன்று பின்பக்க ஜன்னல் மேடையில் நிரந்தரமாக உட்கார்ந்திருந்தது. அவர் பார்க்கும் நேரமாகப் பார்த்து, அவள் அதை மரத்தடியில் நிதானமாகக் கவிழ்ப்பாள். ஊருக்கெல்லாம் வறட்சியை உபதேசித்த மனிதருக்குச் சொந்த வீட்டில் ஒரு டம்ளரை அடக்க முடியவில்லை.

அவள் போனாள். டம்ளர் ஜன்னலில் கவிழ்ந்து கிடந்தது. கோடை வந்தது, வாசலில் மண் பாளம் பாளமாக வெடித்தது, தெருநாய்கள் நிழலுக்கு அலைந்தன.

மரத்தடியில் அந்தத் தட்டகல ஈரம் மட்டும் அப்படியே இருந்தது.

முதலில் மாடியில் குடியிருக்கும் மகள்மேல் சந்தேகம்.

"நீ மரத்துக்குத் தண்ணி ஊத்தறியா?"

"எனக்கு என் ரெண்டு வாண்டுக்கும் தண்ணி ஊத்திக் குளிப்பாட்டவே நேரமில்லப்பா. மரத்தை வேற குளிப்பாட்டணுமா?"

பிறகு மருமகன்மேல். அந்த ஆள் சொந்தத் தாகத்துக்கே எழுந்து போகாதவர் என்பதால் உடனே விடுதலை செய்யப்பட்டார். பக்கத்து வீட்டுத் தையல்காரர், பூனை, காற்று என்று விசாரணை விரிந்தது. கடைசியில் வறட்சி, நாற்றங்காலிலிருந்து சலித்த மணலைக் கொண்டுவந்து மரத்தைச் சுற்றி மெல்லிசாகப் பரப்பினார். யார் வந்தாலும் தடம் விழுந்தே தீரும்.

மறுநாள் காலை குளித்துவிட்டு, தலையைத் துவட்டியபடி வந்து பார்த்தார். மணலில் ஒரு தடம் இல்லை. ஒரு துளி விழுந்த குழிகூட இல்லை. ஆனால் அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மணல் நடுவில் நிறம் மாறியது. உள்ளங்கை அளவு கருத்தது, மெல்ல அகன்றது. மேலிருந்து யாரும் ஊற்றவில்லை. கீழிருந்து ஊறியது. மண்ணுக்குள் எங்கோ, மடக் மடக்கென்று, யாரோ தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது.

வறட்சி பேய் பிசாசை நம்பாதவர். நம்பாமலேயே பயந்தார்.

அன்று முதல் துண்டோடு மரத்தடியில் நிற்பது வழக்கமாயிற்று. அந்தச் சத்தம் தவறாமல் கேட்டது. அவசரமில்லாத சத்தம், வேலை எல்லாம் முடித்துவிட்டு உட்கார்ந்து குடிக்கிறவள் சத்தம். நாற்றங்கால் காவலாளியிடம் ஒருநாள், எங்கேயோ பார்த்துக்கொண்டு, "மண்ணுக்குள்ள போனவங்களுக்குத் தாகம் எடுக்குமாய்யா?" என்று கேட்டுவைத்தார். காவலாளி அதற்குப் பிறகு அவரோடு தனியாகப் பேசுவதைக் குறைத்துக்கொண்டார்.

நடுவே காய்ச்சல் வந்து படுத்தார். குளிக்கக் கூடாது என்று மகள் கட்டளை. ஜன்னல் வழியாகப் பார்த்தால், மரத்தடி ஈரம் சுருங்கிக்கொண்டே வந்து காய்ந்துவிட்டது. போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு மெல்ல வெளியே போனார்.

"கோவமா?" என்றார் மரத்தடியைப் பார்த்து. "நான் தூங்கி எழுந்தா சரியாயிடும்னு சொன்னது... வேணும்னு சொல்லலடி."

மேலே மாடி ஜன்னலில் மகள் நின்றிருந்தாள். அவளுக்குக் கேட்டதோ இல்லையோ, ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.

காய்ச்சல் விட்டுக் குளித்த அன்று ஈரம் திரும்பி வந்தது. வறட்சிக்கு மன்னிப்புக் கிடைத்துவிட்டது. அன்று நாற்றங்காலில் எல்லோருக்கும் தேநீர் வாங்கிக் கொடுத்து, மொத்த அலுவலகத்தையும் கவலைக்குள்ளாக்கினார்.

அந்த நிம்மதியைக் காற்று கெடுத்தது. ஒரு மாலை அடித்த காற்றில் மரம் மாடிப் பக்கமாகச் சாய்ந்தது. எதிர்ப் பக்கம் மண் பிளந்து வாய் திறந்தது. இலைகளும் சில நாளாகவே வெளிறிக் கிடந்தன. பட்டையில் பிசின் கசிந்து நின்றது. மகள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கி வந்தாள்.

"அப்பா, இது பசங்க படுக்கிற ஜன்னல் மேல விழும். வெட்டிடலாம்."

"உங்கம்மா மரம்டி."

"அம்மா பேரன் ஜன்னல்ப்பா."

காற்றுக்காலம் தொடங்குவதற்குள் மரத்தை நிலைநிறுத்துவதாக வாக்குக் கொடுத்து, வேர் ஏன் பிடிமானம் விட்டது என்று பார்க்கக் கடப்பாரையோடு குனிந்தார். எதிர்ப் பக்கம் வேரே இல்லை. வீட்டுப் பக்கம் தோண்டினால், மெல்லிய வேர்கள் தலைமுடிச் சிக்கல் மாதிரி ஒரே இடத்தில் அடைந்து கிடந்தன. அந்தச் சிக்கலுக்குள் கையை விட்டார். ஜில்லென்று ஒரு குழாய் தட்டுப்பட்டது.

மண்ணைத் தள்ளத் தள்ள, குழாய் அவருடைய குளியலறைச் சுவரை நோக்கிப் போயிற்று. அத்தனை செடிக்கும் வேர் எங்கே போகிறது என்று சொல்லக்கூடிய மனிதர், தான் குளித்த தண்ணீர் எங்கே போகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

குழாய் வேலைக்காரர் வந்தார். குழியைப் பார்த்தார். வறட்சியின் முகத்தைப் பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

"அண்ணே, நீங்க செடி நட வெளியூர் போயிருந்தப்ப அண்ணிதான் போடச் சொன்னாங்க. சாகிற வரைக்கும் வெளிய சொல்லாதேன்னாங்க. அவங்க சாகிற வரைக்குமா, நான் சாகிற வரைக்குமான்னு கேட்டு வச்சுக்காம விட்டுட்டேன்."

"எதுக்குய்யா போடச் சொன்னா?"

"'தினமும் அவர் கையாலயே ஊத்தட்டும்'னு சொல்லிச் சிரிச்சாங்கண்ணே. அப்புறம் ஒரு தடவை சொன்னாங்க, நீங்க ஈரத்தைப் பார்த்து அவங்களைத் திட்டும்போது, அவங்களுக்கு உள்ளுக்குள்ள அவ்வளவு சந்தோஷமாம்."

வறட்சி குழி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். அப்படியானால் அந்த டம்ளர்? அது வெறும் திரை. இத்தனை வருஷமும் மரத்துக்குத் தண்ணீர் ஊற்றியவர், தினமும் தவறாமல் தலையோடு குளித்த வறட்சி அவர்களேதான்.

"அடைச்சிடட்டுமாண்ணே? சோப்புத் தண்ணி வேற. வேர் அழுகிடும்."

இதைவிடச் சுலபமான கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை. நாற்றங்காலில் கேட்டிருந்தால் வாய் மூடுமுன் விடை வந்திருக்கும். இங்கே அவர் ஈரமண்ணை விரலால் தொட்டபடியே இருந்தார். அடைத்தால் மரம் பிழைக்கும். ஆனால் நாளைக் காலையில் குளித்துவிட்டு வந்து நின்றால், மண்ணுக்குள் யாரும் குடிக்க மாட்டார்கள்.

"மடக் மடக்னு ஒரு சத்தம் வரும்," என்றார்.

"காத்து அடைச்சு வர்ற சத்தம்ணே."

"தெரியும்யா." விரலில் ஒட்டிய ஈரமண்ணைத் தட்டிவிட்டு, "அடைச்சிடு" என்றார்.

ஈரம் காய்ந்தது. அவர் வழக்கம்போலத் துண்டோடு போய் நின்றார். சத்தமில்லை. பக்கத்து வீட்டில் தையல் எந்திரம் ஓடியது. மேலே ஒரு குழந்தை அழுதது. ஒரு மனிதர் பேய்க்குப் பயந்து அதை ஓட்டுவது உலக வழக்கம். ஆள் கூப்பிட்டு, குழாயை மூடி, பிறகு அதே இடத்தில் தினமும் போய்க் காத்து நிற்பது வறட்சிக்கே உரியது.

ஆனால் மரம் காத்திருக்காது. மாடிப் பக்கத்துக் கிளைகளைக் கழித்துப் பாரம் குறைத்தார். தண்டுக்கு முட்டுக் கொடுத்தார். மேல்மண் ஈரத்திலேயே வளர்ந்த மரத்தைக் கோடையில் ஒரேயடியாகக் காயப்போட்டால் கருகிவிடும் என்பதும், வேரை எதிர்ப் பக்கம் இழுக்க வேண்டுமானால் அந்தப் பக்கம் ஆழத்தில் தண்ணீர் இருந்தாக வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும். தெரிந்ததை ஒப்புக்கொள்ளச் சில நாட்கள் ஆயின.

ஒரு காலை மகள் துணி உலர்த்த வந்தபோது, அப்பாவின் மேலுதடு மொட்டையாக, குழந்தை முகம் போலிருந்தது.

"மீசை எங்கப்பா?"

"வெயில்ல அரிச்சுது."

அவர் மரத்தின் எதிர்ப் பக்கம், கிளைநிழல் முடியும் இடத்தில் ஆழமாக ஒரு குழி தோண்டியிருந்தார். கையில் வாளி. குழியில் தண்ணீர் தளும்பி நின்று, மெல்ல உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்துக் கிளையொன்றில் பொடிப்பொடியாகப் பச்சை விட்டிருந்தது. மகள் அதைப் பார்த்தாள். வெட்டும் பேச்சை எடுக்கவில்லை.

"தண்ணியா ஊத்தறீங்க?"

வறட்சி வாளியைக் கீழே வைத்தார். ஜன்னல் மேடையிலிருந்த நசுங்கிய டம்ளரை எடுத்து, வாளியில் ஒருமுறை முக்கி அலசினார்.

"டம்ளர் கழுவினேன்," என்றார்.