லைன் வீட்டின் சந்தை மதிப்பு

“சொந்தமா ஒரு ஊடு இல்லாத குடும்பம். இவ ஊருல இருக்கற ஊட்டுக்கெல்லாம் வெலை போடப் போறாளாக்கும்!”

சொன்னவர் என் மாமா, அம்மாவின் தம்பி. சொன்ன இடம் அருவங்காட்டுத் தொழிற்சாலைக் குடியிருப்பில் அவருக்கு ஒதுக்கப்பட்டிருந்த வீடு. அந்த வீடும் அவருடையது அல்ல. அம்மா கொண்டுபோன முறுக்கைத் தின்றுகொண்டே சொன்னார். அவர் சொன்னதில் தகவல் பிழை எதுவும் இல்லை.

கீழ் கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டின் லைன் வீட்டில் பிறந்தவள் நான். ஒரே கூரையின் கீழ் வீடுகள் வரிசையாக ஒட்டியிருக்கும். பக்கத்து வீட்டில் தாளித்தால் எங்களுக்குத் தும்மல் வரும். அப்பாவுக்கு ஃபேக்டரியில் வேலை, அம்மாவுக்குக் கொழுந்து பறிப்பது. இருவரும் பள்ளிக்கூடம் போனதில்லை. கையெழுத்துப் போடத் தெரியும், அதுவும் நான் சொல்லிக்கொடுத்தது. வேலை இருக்கும்வரைதான் வீடு. ஓய்வு பெற்றால் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். அப்பாவுக்கு ஓய்வு நெருங்கிக்கொண்டிருந்தது. அதன் பிறகு எங்கே போவது என்று வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. அம்மா மட்டும் புதுப் பாத்திரம் வாங்குவதை நிறுத்தியிருந்தாள்.

சிவில் இன்ஜினியரிங் முடித்துவிட்டுக் கோத்தகிரியில் ஒரு மதிப்பீட்டாளரின் அலுவலகத்தில் சேர்ந்தேன். யாராவது வங்கியில் வீட்டுக் கடன் கேட்டால், அந்த வீடு எவ்வளவு பெறும் என்று எழுதிக் கொடுக்கும் வேலை. அளப்பது நான், படம் எடுப்பது நான், அறிக்கை எழுதுவது நான். கையெழுத்து மட்டும் சாருடையது. போகிற வீட்டில் டீ கொடுத்துவிட்டு, “சார் எப்பங்க வருவாரு?” என்பார்கள். “அவரு வர மாட்டாருங்க, நான்தான்” என்று சொன்னால், கொடுத்த டீயைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா என்று யோசிப்பது முகத்தில் தெரியும்.

கையெழுத்து என்னுடையதாக வேண்டுமென்றால் பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் ஆக வேண்டும். பட்டம் இருந்தது, சில வருட அனுபவமும் சேர்ந்துவிட்டது. மிச்சம் ஒரு பயிற்சி வகுப்பும் ஒரு தேர்வும். தேறினால் வருமானம் கூடும், வங்கி எனக்கும் கடன் கொடுக்கும், அப்பா சாவியைக் கொடுக்கும் நாளில் போவதற்கு ஓர் இடம் இருக்கும். என் திட்டம் அவ்வளவுதான்.

வகுப்பில் ஒரு பயிற்சி கொடுத்தார்கள். நீங்கள் குடியிருக்கும் வீட்டை அளந்து, மதிப்பிட்டு, அறிக்கை எழுதுங்கள். கொடுக்காவிட்டால் தேர்வுக்கு அனுமதி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை டேப்பை எடுத்தேன். ஒரு முனையை அம்மா பிடித்துக்கொண்டாள். சுவர்கள் பொதுவானவை என்பதால் லைனின் மொத்த நீளமும் வேண்டியிருந்தது. ஆகவே எல்லா வீட்டு வாசல் வழியாகவும் போனோம். பக்கத்து வீட்டு அக்கா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

“என்ன அம்மணி, எதுக்கு அளக்கறே?”

“பரீட்சைக்குங்கக்கா. ஊட்டுக்கு வெலை போடணும்.”

நான் சொன்னது உண்மை. ஆனால் லைனில் சொல்லக்கூடாத உண்மை. முன்பு ஒருமுறை மேல் லைனை யாரோ வந்து அளந்தார்கள். இப்போது மேல் லைன் இல்லை. அங்கே கண்ணாடிச் சுவர் வைத்த ஒரு தங்கும் விடுதி இருக்கிறது.

மதியத்துக்குள் எஸ்டேட் விற்றுப்போய்விட்டது. சாயங்காலம் நீச்சல் குளம் எங்கே வரும் என்பதுவரை முடிவாகியிருந்தது. கீழ் லைனில் ஒருவர் டிஷ் ஆன்டெனாவைக் கழற்றி மூட்டை கட்டிவிட்டார். இருட்டுவதற்குள் யூனியன் தலைவர் வந்தார்.

“ஏம்மா, உன்னைய யாரு அனுப்புனது?”

“யாரும் அனுப்பலைங்க. பாடத்துல வருது.”

“படிச்ச புள்ளைன்னு நெனச்சா, இப்படி எங்க தலைக்கே விலை பேசறியே!”

அப்பா அவருக்கு நாற்காலி போட்டார். அவர் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சமாதானம் ஆகிவிட்டதாக வெளியே நிற்பவர்கள் நினைத்துவிடுவார்களாம்.

மறுநாள் காலை எஸ்டேட் ஆபீஸிலிருந்து ஆள் வந்தது. அப்பாவையும் என்னையும் துரை கூப்பிடுகிறாராம். மேனேஜருக்கு எங்கள் லைனில் இன்னும் துரை என்றுதான் பெயர். இந்தத் துரை மதுரைக்காரர்.

“யார் பர்மிஷன் கொடுத்தா?” என்றார். “கம்பெனி பில்டிங்கை அளக்கறது தப்பு. உங்க அப்பாவுக்கு மெமோ கொடுக்க வேண்டியிருக்கும், தெரியுமா? அந்த ரிப்போர்ட்டைக் கிழிச்சுப் போட்டுடு.”

ஓய்வுக்கு முன்னால் மெமோ என்றால் கைக்கு வரவேண்டிய பணம் முடங்கும் என்று எனக்குத் தெரியும். கிழித்தால் தேர்வு கிடையாது என்பதும் தெரியும். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா பேசினார். அந்த அறையில் அவர் வழக்கமாகப் பேசுவதே இல்லை.

“டேப்பைப் புடிச்சது நானுங்க. மெமோவை எனக்குக் குடுங்க. புள்ளை பரீட்சை எழுதட்டும்.”

பிடித்தது அம்மா. அப்பா அந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருந்தார்.

மேனேஜர் என்னைப் பார்த்து, “சரி, எவ்வளவு போட்டிருக்கே?” என்றார்.

“எதுவும் போடலைங்க சார். இதைத் தனியா விக்க முடியாது. குடியிருக்கறவங்களுக்கு உரிமையும் கிடையாது. சந்தை மதிப்பு பொருந்தாதுன்னு எழுதியிருக்கேன்.”

விலை இல்லை என்று கேட்டதும் அவருக்கு நிம்மதியா ஏமாற்றமா என்று சொல்ல முடியவில்லை. மெமோ வேண்டாம் என்றார். லைனில் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டச் சொன்னார். ஒட்டினேன்: “இந்த அளவெடுப்பு படிப்புக்காக மட்டும். எஸ்டேட் விற்கப்படவில்லை.” அதைப் படித்தவர்கள், உண்மையாகவே விற்கவில்லை என்றால் எதற்கு அறிவிப்பு என்று கேட்டார்கள். டிஷ் ஆன்டெனா ஒரு வாரம் கழித்துத்தான் மேலே ஏறியது.

வகுப்பில் மற்றவர்கள் எல்லோரும் தங்கள் வீட்டுக்கு ஊர் விலையை விடக் கூட்டியே போட்டிருந்தார்களாம். என் அறிக்கையை ஆசிரியர் சத்தமாகப் படித்துக் காட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது. வீடு இல்லை என்பதை இவ்வளவு ஒழுங்காக யாரும் எழுதியதில்லை.

தேர்வு கோயம்புத்தூரில். கணினியில் கடைசிக் கேள்விக்குப் பதில் கொடுத்ததும் திரையில் ‘தேர்ச்சி’ என்று வந்தது. கண்காணிப்பாளர் நாற்காலியைக் காலி செய்யச் சொன்னார். வெளியே வந்து அப்பாவுக்குப் போன் செய்தேன். “சரி கண்ணு, சாப்பிட்டியா?” என்றார். ஃபேக்டரிச் சத்தத்தில் அதற்கு மேல் கேட்கவில்லை. பதிவுச் சான்றிதழ் வந்த அன்று அம்மா அதைத் தலைகீழாகப் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். நான் அதை நேராகத் திருப்பி வைக்கவில்லை. முத்திரை எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நன்றாகத்தான் இருந்தது.

இப்போது அறிக்கைகளில் என் கையெழுத்து இருக்கிறது. சென்ற மாதம் கேத்திப் பக்கம், கேரட் தோட்டத்தை ஒட்டி, இரண்டு அறையுள்ள ஒரு பழைய வீட்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டு, கடனுக்கு விண்ணப்பித்தேன். தான் வாங்கும் சொத்தைத் தானே மதிப்பிடக் கூடாது என்பது எங்கள் தொழிலின் விதி. வங்கி வேறொருவரை அனுப்பியது. வடக்குச் சுவரில் ஈரம் இருப்பதை அவர் குறித்துக்கொண்டார். நானாக இருந்தாலும் குறித்திருப்பேன். கொண்டுபோயிருந்த ஃபிளாஸ்கிலிருந்து அவருக்கு டீ கொடுத்தேன்.