அவளுக்கு வயிறு எரிந்த படம்

"…இப்பிடி ஆராவது கீறி வச்சிருந்தா எனக்கு வயிறு எரியும், அங்கிள். எரிஞ்சாத்தான் எனக்குக் கையே ஓடும்," என்றாள் அந்த ஓவிய மாணவி.

வெள்ளவத்தையில் நாங்கள் சிலர் சேர்ந்து வைத்த கண்காட்சி அது. கொண்டையில் செருகியிருந்த பேனையை உருவி, என் நண்பரின் படத்திலிருந்த காகத்தைத் தன் உள்ளங்கையில் கீறிக்கொண்டிருந்தாள். பிடித்ததையெல்லாம் அப்படித்தான் களவெடுப்பாளாம். முழங்கை வரை மற்றவர்களின் கோடுகள். அதில் என்னுடையது ஒன்றுகூட இல்லை. நண்பர்மேல் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பிள்ளை, என்ரயையும் ஒருக்காப் பாருங்கோவன்," என்று, கடற்கரை ரயிலை நான் வரைந்திருந்த படத்தடிக்குக் கூட்டிப்போனேன்.

நெடுநேரம் பார்த்தாள். "நல்ல வடிவா இருக்கு, அங்கிள்," என்று அன்பாகச் சொன்னாள். பிறகு பேனையை மூடிக் கொண்டையில் செருகிக்கொண்டாள்.