நாற்பத்தெட்டாம் நம்பர் கோதண்டம்

செவ்வாய்க்கிழமை காலை மண்ணூர்பேட்டையில் பஸ் ஏறும்போது கம்பெனி குரூப்பில் செய்தி வந்தது. லேத் கோதண்டம் போய்விட்டார், மாரடைப்பு. ஏறிய பஸ்ஸிலிருந்து இறங்கிவிட்டேன்.

இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும், அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அவருடைய டோக்கன் நம்பர் நாற்பத்தெட்டு என்று தெரியும். ஷிப்ட் முடிந்ததும் கேட்டில் பத்துப் பேரின் பையைச் சோதிப்பார்கள். யார் யார் என்று கம்ப்யூட்டர் டோக்கன் நம்பர்களைக் குலுக்கிச் சொல்லும். அந்தப் புரோகிராமை எழுதியவன் நான். லீவில் இருப்பவர், ஓய்வு பெற்றவர் நம்பர் விழுந்தால் அதைத் தள்ளிவிட்டு, அடுத்த நம்பரை எடுத்துக்கொள்ளும்படி எழுதியிருந்தேன். பெரிய புத்திசாலி என்ற நினைப்பு வேறு!

வாரத்தில் மூன்று நாள், நாலு நாள் கோதண்டம் மாட்டினார். டிபன் பாக்ஸைத் திறந்து காட்டிக்கொண்டே, "இன்னா மச்சான், உன் மிஷினுக்கு எம்மேல லவ்வா?" என்பார். "கம்ப்யூட்டர் ஆள் பாக்காது அண்ணாத்தே" என்று நானும் சிரிப்பேன்.

பிறகு சிரிப்பு நின்றுபோனது. இந்த ஆள் மட்டும் ஏன் மாட்டுகிறார் என்று செக்யூரிட்டி ஆபீசருக்குச் சந்தேகம். லாக்கரைக் கிளறினார்கள். ஒருநாள் கோதண்டம் பையைத் திறக்க மாட்டேன் என்று கேட்டிலேயே நின்றுவிட்டார். அவருக்குப் பின்னால் மொத்த ஷிப்டும் நின்றது. மறுநாள் சஸ்பெண்ட் ஆர்டர் தயார், கையெழுத்துதான் பாக்கி.

மேனேஜர் அறைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். கோதண்டம் ஒரு தாளை மேசைமேல் வைத்தார். "நாப்பத்தொண்ணுலேர்ந்து நாப்பத்தேழு வரிக்கும் ரிட்டயர்டு சார். அவுங்க நம்பர் எது உழுந்தாலும் என் தலையிலதான் வந்து விடியுது. வேலைக்கு வந்தவன் நம்பரை மட்டும் டப்பால போட்டுக் குலுக்கச் சொல்லுங்க."

"இது யார் தப்பு?" என்றார் மேனேஜர்.

சொன்னால் வேலை போய்விடும் என்று பயந்தேன். சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, வீட்டில் கைக்குழந்தை. கோதண்டம் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"மிஷின் தப்பு சார், உடுங்க" என்றார்.

ஆர்டரைக் கிழித்தார்கள். அன்றே, வந்தவர்களின் நம்பரை மட்டும் பட்டியலாக்கி அதிலிருந்து குலுக்கும்படி மாற்றி எழுதினேன். அதற்குப் பிறகு அவரும் மற்றவர்களைப் போலத்தான் மாட்டினார். "லவ்வு புட்டுக்கிச்சு போல கீது" என்று கிண்டல் செய்வார். அந்த அறையில் நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. நாலு திட்டு திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

 அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அன்றைய அந்தப் பார்வை ஒன்றுதான். அவர் உயிரோடு இருந்தபோது சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. மிஷின் எந்தத் தப்பும் செய்யவில்லை. நான் செய்தேன்.