சூரியன் வராத மார்கழி

கன்னியாகுமரியில் ஒரு தனியார் பங்களாவில் எனக்குக் கிடைத்த முதல் வேலை, தங்க வருகிறவர்களைச் சூரியோதயத்துக்கு எழுப்பி விடுவது. பதவியின் பெயர் வாட்சர். முதல் நாளே மேனேஜர் சொல்லிவிட்டார்:

"மூணு மாசம் டெம்பரவரிதான் பாத்துக்க. தை பிறந்ததும் முதலாளி விசிட்டர் புக்கப் படிப்பாரு. நாலு வரி நல்லதா இருந்தா வேலை நிரந்தரம். இல்லேன்னா ஊரப் பாத்துப் போயிரணும்."

விசிட்டர் புக் என்பது தங்கிப் போகிறவர்கள் அபிப்பிராயம் எழுதுகிற தடித்த நோட்டு. அப்போது எனக்குப் பெண் பேசியிருந்தார்கள். வேலை நிரந்தரமானால்தான் கல்யாணம் என்று பெண்ணின் அப்பா கறாராகச் சொல்லியிருந்தார். ஆக, என் கல்யாணம் அந்த நோட்டுக்குள் இருந்தது.

1. வாட்சர் மேல் புகார்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. வழக்கமாகக் கார்த்திகையோடு மழை ஓய்ந்து, மார்கழியில் வானம் துடைத்து வைத்த மாதிரி இருக்கும். அதற்காகவே கிறிஸ்துமஸ் லீவுக்கு மதுரை, திருவனந்தபுரம் ஆட்கள் குமரி முனைக்கு வருவார்கள். அந்த வருஷம் மழைக்குப் போக மனமில்லை. நான் தினமும் கதவை மூன்று தட்டுத் தட்டி, "ஸார், கிழக்கு வெளுக்குது" என்பேன். கையில் கருப்பட்டிக் காப்பியோடு எல்லாரும் கடற்கரையில் நிற்பார்கள். எதிரே அடுப்புச் சட்டியின் அடிபோல ஒரே கறுப்பு.

லீவு தொடங்கி மூன்றாம் நாள் ஒருவர் நோட்டில் எழுதினார்: 'இன்றும் சூரியன் இல்லை. வாட்சர் மட்டும் தவறாமல் எழுப்புகிறார்.' எழுதிவிட்டு அறையைக் காலி செய்து போனார். மேனேஜருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"என்னலே இது?"

"நான் எழுப்பத்தானே முடியும் ஸார்? சூரியன எப்பிடி எழுப்ப?"

"இத முதலாளிட்ட சொல்லு, கேப்பாரு."

2. சொல்லலாமா, வேண்டாமா

நாலாம் நாள் மதுரை வக்கீல் ஒருவரும் பெட்டி கட்டுவதா, இன்னும் ஒரு நாள் பார்ப்பதா என்று இழுத்துக்கொண்டிருந்தார். கூட மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும். மிச்சமிருந்தது அவர்கள் மட்டும்தான்.

முந்தின நாள்தான் திருவட்டாறு பக்கத்திலிருந்து என் அண்ணன் வந்திருந்தான். மழையால் திற்பரப்பு அருவி பாறை தெரியாமல் கொட்டுகிறது, மார்கழியில் இப்படிக் கண்டதே இல்லை என்றான். இங்கே சூரியனை மறைத்த மழை அங்கே அருவியை நிறைத்திருக்கிறது. சொன்னால் இவர்களும் அங்கே போய்விடுவார்கள். என் நோட்டும் கல்யாணமும் அதோடு சரி. ஆனால் குழந்தைகள் முகம் தொங்கிக் கிடந்ததைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. சொல்லிவிட்டேன்.

வாடகைக் கார் கிளம்பியதும் மேனேஜர் என்னைப் பிடித்துக்கொண்டார். "இருந்த ஒரு ஆளையும் நீயே வழியனுப்பிட்டியா மக்கா?"

அன்று பகல் முழுவதும் காலி அறைகளைக் கூட்டினேன், கூட்டிய அறையையே மறுபடியும் கூட்டினேன்.

பொழுது சாய, அதே கார் திரும்பி வந்தது. அந்தக் காலத்தில் திற்பரப்பில் தங்க இடம் கிடையாது. பயத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை. ஈரத் தலையும் நடுங்குகிற பல்லுமாய் நாலு பேரும் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள்.

"தம்பி, இன்னும் நாலு நாளைக்கு ரூம் வேணும். பிள்ளைக அருவிய விட்டு ஊருக்கு வர மாட்டேன்னுருச்சுக," என்றார் வக்கீல்.

சேதி நாகர்கோவில் வரை போனது. காலி செய்து அங்கே போய்த் தங்கியிருந்தவர்களில் இரண்டு குடும்பம் திரும்பி வந்தது. அதன்பின் நான் காலையில் கதவைத் தட்டியது அருவிக்கு. மேனேஜர் ஓடி ஓடிச் சோற்றுப்பொதி கட்ட வைத்தார்.

3. சூரியன் வந்த அன்று

அவர்கள் ஊருக்குப் போகிற அன்று வானம் வெளுத்து, கடலுக்கு மேல் சூரியன் செக்கச்செவேலென்று கிளம்பியது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஓடிப்போய்த் தட்டினேன்.

"ஸார், வந்துட்டு! சூரியன் வந்துட்டு!"

உள்ளேயிருந்து வக்கீலின் தூக்கக் குரல் வந்தது. "அவருக்காக நாங்க நாலு நாள் நின்னோம்ல. இன்னைக்கு அவர் நிக்கட்டும். தூங்க விடுப்பா."

நான் ஒருவனாக நின்று பார்த்தேன். அவர்கள் காப்பியையும் நானே குடித்தேன்.

நோட்டில் வக்கீல் எழுதியிருந்தது: 'சூரியனைப் பார்க்க வந்தோம், பார்க்கவில்லை. குறை ஒன்றுமில்லை. வாட்சர் இருக்கும்வரை வருவோம்.' தையில் வேலை நிரந்தரமானது. மாசியில் கல்யாணம்.

இன்று ஓட்டல் வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். வானத்துக்கு நாம் பொறுப்பில்லை. ஆனால் அது இங்கே கெடுத்ததை எங்கே கொடுத்திருக்கிறது என்று விசாரித்து வைத்திருங்கள். வந்தவர் போய்விடுவாரோ என்று பயந்து அதை மறைக்காதீர்கள்.

மார்கழியில் மேகம் கறுத்தால் ஊரே அலுத்துக்கொள்ளும். என் மனைவி மட்டும் அன்றைக்குக் காப்பியில் கருப்பட்டியைக் கூடுதலாகப் போடுவாள்.