வலப்பக்கத்துச் சீட்டு

எங்கள் வீட்டு மண்டபத்துக்கும் உள்வீட்டுக்கும் இடையிலான வாசலில் மருதமுனைத் தறியில் நெய்த நீலக்கோட்டுத் திரை ஒன்று தொங்கியது. அதன் இடது ஓரம் மட்டும் நிறம் மங்கி நூல் பிரிந்திருக்கும். உம்மா பிடித்துப் பிடித்தே அப்படி ஆனது. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்துதான் குடியிருப்பார். ஆனால் மாமியார் அவருக்கு முகங்கொடுத்துக் கதைக்கமாட்டார். மார்க்கம் அதைத் தடுக்கவில்லை, வழக்கம்தான் தடுத்தது. ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு இப்படி ஒளித்துப்பிடித்து விளையாடுவது வெளியூர்க்காரருக்குச் சிரிப்பாக இருக்கலாம். எங்களுக்கு அது மரியாதை. மச்சான் மண்டபத்தில் சாப்பிட உட்கார்ந்தால், உம்மா திரையின் ஓரத்தை ஒரு விரலகலம் விலக்கி அவருடைய பீங்கான் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். சோறு முடிந்தால் மருமகனுக்குச் சந்தோஷம். மீதி இருந்தால் வீட்டில் ஏதோ குறை. குறையை மருமகன் வாயால் சொல்லமாட்டார், பீங்கானால்தான் சொல்வார் என்பது எங்கள் ஊர் மாமிமார் எல்லோருக்கும் தெரிந்த விசயம்.

மச்சான் என் ராத்தாவின் கணவர். ராத்தா என்றால் எனக்கு மூத்த சகோதரி. மச்சான் சம்மாந்துறைக்காரர். இரத்மலானையில் விமானம் ஓட்டப் படித்து, உள்நாட்டுக்குள் பறந்த சிறிய கம்பனி ஒன்றில் கப்டனாக இருந்தார். எழுபதுகளின் கடைசியில் சம்பந்தம் பேசியபோது மாப்பிள்ளையை விசாரித்தவர் எங்கள் மாமா. உம்மாவின் தம்பியான அவர் லொறி வைத்து நெல் ஏற்றியவர். "மாப்பிள்ளைக்கு மாசச் சம்பளமா, ட்ரிப் காசா?" என்று கேட்டார். மாதச் சம்பளமும் உண்டு, பறக்கும் மணித்தியாலத்துக்குத் தனிக் காசும் உண்டு என்று சம்பந்தம் கொண்டுவந்தவர் விளங்கப்படுத்தினார். மாமா லேசில் விடுகிற ஆள் இல்லை. "திரும்பி வரக்குள்ள லோட் கிடைக்குமா, வெறும் வண்டியாத்தான் வாறதா?" என்றார். மச்சான் இதைக் கேள்விப்பட்டு விழுந்து விழுந்து சிரித்தாராம். கலியாணத்துக்குப் பிறகு ஊரில் அவர் பெயர் 'பிளேன் மருமகன்' என்றாகிவிட்டது.

அந்தப் பெயர் நிலைக்கவில்லை. கலியாணமாகிக் கொஞ்ச நாளில் அவருடைய கம்பனி மூடப்பட்டது. பறப்பதற்கு வேறு இடம் கிடைக்காமல் கல்முனைக்கே வந்துவிட்டார். வாப்பா மௌத்தாகி, அவர் விட்டுப்போன அரிசி மில் ஆளில்லாமல் கிடந்த நேரம் அது. நான் அப்போதுதான் ஆசிரியர் வேலைக்குப் போய்ச் சேர்ந்திருந்தேன். மில்லை மச்சான் பொறுப்பெடுத்தார். தலையெல்லாம் தவிடும் உமியுமாக வீட்டுக்கு வருவார். முகம் சுளித்ததில்லை. பறந்த காலத்துப் பழக்கம் ஒன்றைத்தான் அவரால் விடமுடியவில்லை. பழைய சாரம் ஒன்றைக் கிழித்து மில் கூரையில் ஒரு கம்பில் கட்டிவிட்டு, அது எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்ப்பார். காற்று கடலை நோக்கி வீசினால்தான் வெளியே உமி கொட்ட விடுவார். அதனால் அக்கம்பக்கத்துப் பெண்களின் கொடித்துணிகள் சுத்தமாக இருந்தன. அவர்கள் வாழ்த்திய வாழ்த்தில்தான் மில் நன்றாக ஓடியது என்று ராத்தா சொல்வார்.

எண்பதுகளின் நடுவில் ஒருநாள் மச்சானின் பழைய நண்பர் ஒருவர் கொழும்பிலிருந்து வந்தார். ஒருகாலத்தில் மச்சானுக்குக் கீழே துணை விமானியாக இருந்தவர். இப்போது வெளிநாடுகளுக்குப் பறக்கும் ஒரு கம்பனியில் கப்டன். அங்கே அனுபவமுள்ளவர்களை எடுக்கிறார்கள், இந்த முறை விட்டால் வயது தாண்டிவிடும் என்றார். ஆனால் லைசன்சைப் புதுப்பிக்க வேண்டும், வைத்தியப் பரிசோதனை, சோதனைகள் எல்லாம் முதலிலிருந்து. எல்லாம் சரிவந்தாலும் கப்டனின் இடப்பக்கத்துச் சீட்டு கிடைக்காது. வலப்பக்கத்தில் துணை விமானியாகத்தான் தொடங்க வேண்டும். பயிற்சி முடியும்வரை அரைச் சம்பளம். மில் தருவதைவிட அது குறைவு, அதற்குள் கொழும்பில் அறை வாடகையும் கட்ட வேண்டும். நண்பர் போனபின் மச்சான் என்னைப் பார்த்து, "கணக்குப் பாத்தா நட்டம், மச்சான்," என்றார். "மாமிட சோத்தத் திண்டுபோட்டு, உங்கட வாப்பாட மில்ல நடுவழியில விட்டுட்டுப் போறதா? அது சரிவராது," என்று அவரே முடித்துவிட்டு எழுந்து போனார்.

அன்றிலிருந்து பீங்கானில் சோறு மீதியானது. உம்மா பதறிவிட்டார். கறியில்தான் குறை என்று நினைத்தார். இறால் சமைத்தார். கணவாய் சமைத்தார். உப்புக் கூடிவிட்டதென்று ராத்தாவோடு சண்டை பிடித்தார். நாட்டுக்கோழி வாங்க என்னைக் கடைத்தெருவெல்லாம் அலைய விட்டார். கோழியும் மீதியானது. மாமிக்காக என்று இரண்டு கவளம் கூடச் சாப்பிட்டுவிட்டு மச்சான் எழும்பிவிடுவார். மூன்று பேரும் இப்படி ஆளுக்கொரு பக்கம் வாடுவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் அடுப்படியில் உம்மாவுக்குப் பக்கத்தில் குந்தி, நண்பர் வந்த கதை முழுவதையும் சொன்னேன்.

உம்மா கேட்டுக்கொண்டே இருந்தார்.

"சம்பளம் பிறகு கூடுமா?"

"இடப்பக்கத்துச் சீட்டுக்குப் போனாக் கூடும் உம்மா."

"அது எப்ப?"

"அது ஆருக்கும் தெரியா."

"அப்ப கறியில குறை இல்ல," என்றார். அவ்வளவு கவலைக்குள்ளும் அதில் அவருக்கு ஓர் ஆறுதல்.

மறுநாள் மத்தியானம் மச்சான் பாதியில் கை கழுவ எழும்பினார். திரை முழுவதுமாக விலகியது. உம்மா முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு மண்டபத்துக்குள் வந்து நின்றார். கலியாணமாகி இத்தனை வருடத்தில் அவர் அப்படி வந்ததே இல்லை. மச்சான் எச்சில் கையோடு அப்படியே நின்றுவிட்டார்.

"இரிங்க மருமகன். சாப்பிட்டுக் கேளுங்க," என்றார் உம்மா. "உங்களப் பிளேன் ஓட்டுறவரெண்டுதான் நான் மாப்பிள்ளை எடுத்த. மில்ல என்ட மகன் பாப்பான். நட்டமெண்டா அது இந்த வீட்டு நட்டம், அத நீங்க ஏன் தனியாச் சுமக்கிற? சம்பளம் குறைஞ்சாக் குறையட்டும், சோறு குறையக் கூடா."

மச்சான் குனிந்து உட்கார்ந்தார். சோற்றைப் பிசைந்தார். கண்ணீர் பீங்கானில் விழுந்ததை நான் பார்த்தேன், அவர் துடைக்கவில்லை. மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு முடித்தார். உம்மா அதைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனார். என்னை ஒரு வார்த்தை கேட்காமலே மில்லை என் தலையில் கட்டிவிட்டார்கள் என்பது எனக்கு அன்று பின்னேரம்தான் உறைத்தது.

பிறகு வீடு பள்ளிக்கூடம் மாதிரி ஆகிவிட்டது. மச்சான் பழைய புத்தகங்களைத் தூசு தட்டி எடுத்து விடிய விடியப் படித்தார். கண் பரிசோதனை இருக்கிறது என்று ராத்தா வாய்தவறிச் சொல்லிவிட, உம்மா பொன்னாங்காணியில் இறங்கினார். காலையில் பொன்னாங்காணி வறை, மத்தியானம் பொன்னாங்காணிப் பாற்கறி. வீட்டில் எல்லோருடைய கண்ணும் கூர்மையாகிவிட்டது, எனக்கு மட்டும் அந்தக் கீரையைக் கண்டாலே கண் இருட்டியது. மச்சான் பரிசோதனையில் தேறினார். பள்ளிக்கூடம் விட்டபின் நான் மில்லுக்குப் போகத் தொடங்கிய முதல் வாரமே கூரையில் கட்டிய சாரத்தைப் பார்க்காமல் உமி கொட்ட விட்டு, அயலிலுள்ள பெண்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அரைச் சம்பளக் காலம் லேசாகப் போகவில்லை. ராத்தா பிள்ளைகளோடு எங்களிடமே இருந்தார். கலவரக் காலம், வீதியில் பஸ் ஓடும் நாளும் உண்டு, ஓடாத நாளும் உண்டு. மச்சான் லீவில் வந்து சேரும்வரை யாருக்கும் நிம்மதி இல்லை. அங்கே அவரைவிட இளையவர்கள்தான் கப்டன்மார். "சேர் எண்டு கூப்பிட்டுப்போட்டு, பிறகு ஓடர் போடுறானுகள்," என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பில் கசப்பு இருக்கவில்லை, பறக்கிறவரின் சிரிப்பு அது. பயிற்சி முடிந்து முழுச் சம்பளம் வந்த மாதம் மாமாவைத் தேடிப்போய், "மாமா, லோட் கிடைச்சிட்டு," என்றார். மாமா அதை ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

எண்பதுகள் முடியும் தறுவாயில் நான் உம்மாவை ஹஜ்ஜுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். விமானம் நிறைய நம் பக்கத்து ஹாஜிமார். உம்மா சீட்டின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓதிக்கொண்டிருந்தார். மேலே எழும்பிச் சமநிலைக்கு வந்ததும் ஒலிபெருக்கியில் கப்டன் இங்கிலீசில் ஏதோ சொன்னார். அடுத்து இன்னொரு குரல், தமிழில், "அஸ்ஸலாமு அலைக்கும்," என்று தொடங்கியது. எங்கள் மண்டபத்தில் கேட்ட அதே குரல். அன்றைய பயணத்தை மச்சான் கேட்டு வாங்கியிருந்தார், எனக்கும் சொல்லவில்லை. உம்மா திடுக்கிட்டு முக்காட்டைச் சரிசெய்தார். முன்னால், விமானிகளின் அறைப் பக்கம் ஒரு திரை தொங்கியது. அதைப் பார்த்து மெதுவாக, "வஅலைக்கும் ஸலாம்," என்றார். பிறகு என் பக்கம் குனிந்தார்.

"மகன், மருமகன் சாப்பிட்டாரா எண்டு கேளு."

நான் பணிப்பெண்ணிடம் கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டே திரைக்குள் போனாள். திரும்பி வரும்போது கையில் ஒரு வெறும் தட்டு. அதை உம்மாவிடம் காட்டச் சொன்னாராம்.

மச்சான் இடப்பக்கத்துச் சீட்டில் நெடுங்காலம் இருந்துவிட்டு ஓய்வு பெற்றுவிட்டார். உம்மா இல்லை. வீட்டைத் திருத்திக் கட்டியபோது அந்த நீலத்திரையையும் கழற்றி, ராத்தா மடித்து வைத்துவிட்டார். இன்றும் நான் போனால் இருவரும் அதே மண்டபத்தில்தான் சாப்பிடுவோம். சாப்பிட்டு முடித்ததும் மச்சான் உடனே எழும்பமாட்டார். பீங்கானைக் கொஞ்சம் சரித்து, திரையில்லாத அந்த வாசல் பக்கம் ஒரு கணம் பிடிப்பார். பிறகுதான் கை கழுவப் போவார்.