ஒன்பது சதவீதத்தில் நின்ற திரை

விழுப்புரத்தில் உட்கார்ந்துகொண்டு திண்டிவனத்துக் கம்ப்யூட்டரைப் பராமரிப்பது என் வேலை. எங்களுடையது கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோ. பெரிய கடை இங்கே, கிளை அங்கே. கிளைக் கம்ப்யூட்டரில் இரண்டு ஹார்ட் டிஸ்க் செருகியிருக்கும். ஒன்றாவதில் இன்னும் கொடுக்காத கல்யாணங்கள், இரண்டாவதில் கொடுத்து முடித்தவை. இரண்டாவதை மாதாமாதம் இங்கிருந்தே அழித்துக் காலி செய்வேன். டிஸ்க்குகளுக்குப் பெயர் வைத்திருக்கலாம். வரிசைதான் தெரியுமே என்ற திமிரில் வைக்கவில்லை.

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து கடை திறந்த காலை, வழக்கம்போல இரண்டாவதை அழிக்கக் கொடுத்தேன். மூலை முடுக்கு விடாமல், திரும்ப மீட்க முடியாதபடி நிதானமாக அழிக்கும் முறை அது. ஒன்பது சதவீதம் ஆனபோது ஏதோ தோன்றி ஒன்றாவதைத் திறந்தேன். கொடுத்து முடித்த பழைய கல்யாணங்கள் எல்லாம் அதில் இருந்தன. அப்படியானால் அழிந்துகொண்டிருந்தது இன்னும் கொடுக்காதவை.

அழிந்துகொண்டிருந்ததில் முகையூர்ப் பெண் ஒருத்தியின் கல்யாணம் இருந்தது. படுக்கையில் கிடந்த அவள் அப்பா, அன்று மட்டும் யார் கையையும் பிடிக்காமல் மேடையேறினார். பதினைந்தாம் நாள் போய்விட்டார். "அப்பா நடந்து வர்றது மட்டும் இருந்தா போதும்ங்க" என்று அவள் வாரம் தவறாமல் போனில் கேட்பாள். வேறு பிரதி கிடையாது. கேமரா கார்டில் அடுத்த கல்யாணத்தை எடுத்தாயிற்று.

நிறுத்தப் பார்த்தேன், நிற்கவில்லை. கிளையில் தனியாக வேலை பார்க்கும் அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, கம்ப்யூட்டர் ஒயரப் புடுங்குங்க, ஜல்தி."

"எந்த ஒயரு தம்பி? பூஜைக்குத் தொடைக்கசொல்ல எல்லாத்தையும் கழட்டித்தான் மாட்டனோம்."

வரிசை மாறியது எப்படி என்று அப்போது புரிந்தது. அவளைத் திட்ட எனக்கு வாயில்லை. "பின்னால இருக்கிறத எதையாவது புடுங்குங்கக்கா" என்றேன்.

திரை ஒன்பதிலேயே நின்றது. எனக்கு உயிர் வந்தது. மீதியிலிருந்து அந்த மேடைக் காட்சியையாவது மீட்டுவிடலாம். "நான் வர்ற வரைக்கும் எதையும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு, கையிலிருந்த வேலையை முடித்து மத்தியானம்தான் பஸ் ஏறினேன்.

அக்கா கம்ப்யூட்டர் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். "நீ சொன்ன மாரியே யாரையும் கிட்ட உடலப்பா. நானே காவல் காத்துக்கினு இருக்கேன்."

பின்னால் எட்டிப் பார்த்தேன். அவள் பிடுங்கியது நெட்வொர்க் ஒயரை, கரண்ட் ஒயரை அல்ல. விழுப்புரத்திலிருந்து நான் பார்ப்பது மட்டும்தான் அறுந்திருக்கிறது. அழிப்பது இங்கே அது பாட்டுக்கு நடந்திருக்கிறது. மானிட்டரைப் போட்டேன். வேலை முடிந்தது என்று காட்டியது. காலையில் ஒரு வார்த்தை நிதானமாகச் சொல்லியிருந்தால் போதும். இப்போது தலையில் அடித்துக்கொண்டு என்ன செய்ய?

கடை போன் அடித்தது. அக்கா எடுத்துப் பேசி, "முகையூர்ப் பொண்ணு, தம்பி. நீயே சொல்லு" என்று என்னிடம் நீட்டினாள். அக்காவுக்கு இன்னும் எதுவும் தெரியாது.

"அவசரமில்லீங்க" என்றாள் அந்தப் பெண். "மெதுவாவே குடுங்க. அப்பா உங்ககிட்ட பத்திரமா இருக்காருன்னு ஒரு தைரியம், அதான் அப்பப்ப கேட்டுக்கறேன்."

"இருக்காரும்மா" என்றேன்.